மாதிரி ராக்கெட்டும் அதன் வலிவும்

திருப்பதிக்கு யாத்திரை செல்லும் நம்மவர்கள், ஏழுமலையானைத் தரிசித்து, பிரசாதத்துடன் ஊர் திரும்புவது வழக்கம். அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவு இருக்கின்றது. பாரதத்தின் செயற்கைக் கோள்கள் விண்ணுக்கு ஏறும் துறைமுகம் அதுவே. முன்னர் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அத்தீவு, 2022 ஏப்ரல் மாதத்தில் திருப்பதி தனி மாவட்டமாக அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டது.

மலைக்கும் தீவுக்கும் இடையே பல ஆண்டுகளாக ஓர் அழகிய தொடர்பு நிலவி வருகின்றது. முக்கியமான ராக்கெட் ஒன்று புறப்படுவதற்கு முன்னர், விஞ்ஞானிகள் சிலர் அதன் சிறிய மாதிரி உருவைத் திருமலைக்கு எடுத்துச் சென்று வழிபடுவர். 2023 ஜூலை 13ஆம் நாள் சந்திரயான்-3 இன் மாதிரி அவ்வாறு கொண்டு செல்லப்பட்டது. மறுநாள் பிற்பகல் அசல் கலம் சந்திரனை நோக்கிப் புறப்பட்டது.

அந்த மாதிரி கையில் ஏந்தத்தக்க சிறிய உரு, பறப்பதற்கென அமைந்ததன்று. நம் குடும்பங்கள் குடியேறியுள்ள நாடுகள் சிலவற்றிலோ, உண்மையாகவே பறக்கும் மாதிரி ராக்கெட்டுகளைக் கட்டும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கின்றது. முழ நீளமுள்ள சிறிய ராக்கெட்டை அட்டையும் பசையும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் கட்டிவிடலாம். ஆள் உயரத்துக்கு ஒன்றைக் கட்ட முற்படும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. எங்கே வலிவு சேர்ப்பது, எங்கே சேர்க்கலாகாது என்பதை அறியாமல் கட்டினால், மாதங்களின் உழைப்பு ஒரு நொடியில் சிதறும். பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் ஊறு நேரவும் கூடும். ஆகவே அதனைப் பற்றிப் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நலம்.

சித்தூர் அருகே ஒரு சரித்திரம்

ராக்கெட்டின் வலிவைப் பற்றிப் பேசப் புகுவோர்க்குச் சித்தூர் ஒரு நல்ல தொடக்கம். அந்நகருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் இருந்த பாசறையில், 1782 டிசம்பர் 7ஆம் நாள், மைசூரை ஆண்ட ஹைதர் அலி உயிர் நீத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் அவருடைய படையும் அவர் மைந்தர் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தன. அப்போரில் மைசூர்ப் படையினர் வாணங்களை ஏவினர்.

வாணம் நமக்குப் புதிதன்று. கோயில் திருவிழாக்களில் ஆகாசவாணம் விடுவதை நாம் சிறு வயதுமுதல் கண்டிருக்கின்றோம். அதன் மருந்து காகிதக் குழலில் அடைக்கப்படுகின்றது. மைசூர்ப் படையினர் செய்த புதுமை யாதெனில், காகிதத்துக்கும் மூங்கிலுக்கும் பதிலாக இரும்புக் குழலில் மருந்தை அடைத்ததே. குழல் உறுதியாக இருந்தால் உள்ளே எழும் வாயுவின் அழுத்தம் மிகுதியானாலும் அது தாங்கும். அழுத்தம் மிகுந்தால் வாயு வேகமாகப் பின்னே பீறிடும். வாணம் அதற்கேற்ப நெடுந்தூரம் செல்லும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுவரை அவை சென்றன என்பர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றுட் சில இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றைக் கண்டு ஆராய்ந்த வில்லியம் காங்கிரீவ் என்பவரே ஐரோப்பியப் போர் ராக்கெட்டுகளை உருவாக்கினார்.

இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம், இளம் பொறியியலாளராக அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குச் சென்றபோது, அங்குள்ள வரவேற்புக் கூடத்தில் திப்புவின் படை ராக்கெட் ஏவும் ஓவியம் ஒன்று தொங்கக் கண்டு பெருமிதம் கொண்டதைத் தம் சுயசரிதையில் கூறியிருக்கின்றார். தாயகத்தின் பெருமையை அயல்நாட்டுச் சுவரில் கண்டு நெகிழும் அனுபவம் நம் வாசகர்கள் பலருக்கும் உண்டன்றோ?

இரும்பு வீட்டிற்கு ஆகாது

இச்சரித்திரத்தைக் கேட்ட சிறுவன் ஒருவன், "அப்படியானால் நானும் இரும்புக் குழலில் செய்யலாமே" என்று எண்ணக்கூடும். இங்கேதான் பெரியோர்கள் குறுக்கிட வேண்டும். போர்க்களத்தில் இரும்புக் குழல் வெடித்தால் அதன் துண்டுகள் பகைவரைத் தாக்கும். வீட்டு முற்றத்தில் வெடித்தாலோ அவை நம் பிள்ளையையே தாக்கும்.

இந்த உண்மை மிகுந்த துன்பத்துக்குப் பின்னரே உலகுக்கு விளங்கியது. 1957 அக்டோபர் 4ஆம் நாள் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியபின், அமெரிக்கச் சிறுவர்கள் பலர் உலோகக் குழாய்களில் தாமே கலந்த மருந்தை அடைத்து ஏவ முயன்று காயமுற்றனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல் என்பவர் வேறொரு வழி கண்டிருந்தார். ராக்கெட்டின் உடல் காகிதமும் மென்மரமும். அதனுள் செருகும் மோட்டார் தனியே செய்த, ஒருமுறை எரிந்தபின் மாற்றத்தக்க ஒன்று. இதன் அருமையை உணர்ந்த ராக்கெட் பொறியியலாளர் ஹாரி ஸ்டைன், அதற்குரிய பாதுகாப்பு விதிகளை வகுத்தார். 1957இலேயே அமெரிக்க மாதிரி ராக்கெட் சங்கமும் தோன்றியது.

அவ்விதிகளின் சாரம் இதுவே: மூக்கும் உடலும் சிறகும் காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற இலேசான பொருள்களால் ஆனவையாக இருத்தல் வேண்டும், மோட்டார் தொழிற்சாலையில் செய்யப்பட்டதாகவே இருத்தல் வேண்டும், மருந்தை வீட்டில் கலத்தலோ, வாங்கிய மோட்டாரைப் பிரித்து மாற்றுதலோ கூடவே கூடாது. இந்தியாவில் வெடிபொருள் பற்றிய சட்டம் 1884 முதல் நடைமுறையில் உள்ளது; அனுமதியின்றி இத்தகைய மருந்தைக் கையாளுதல் குற்றமாகும். ஆகையால், விடுமுறைக்குத் தாயகம் வரும் பிள்ளைகள் தாம் கட்டிய உருவைக் காட்சிப் பொருளாகக் கொண்டுவரலாம். மோட்டாரைப் பெட்டியில் வைத்து விமானத்தில் எடுத்துவருதல் ஒருபோதும் கூடாது.

எதனை மாதிரியாகக் கொள்வது?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ராக்கெட்டுகளுள் மாதிரி கட்டுவதற்கு மிக ஏற்றது எஸ்.எல்.வி.-3 ஆகும். டாக்டர் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய இந்த ராக்கெட், 1980 ஜூலை 18ஆம் நாள் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக் கோளைப் பூமியைச் சுற்றிவரச் செய்தது. அதன் உயரம் ஏறத்தாழ 22 மீட்டர். எடை 17 டன். அடிப்பகுதியின் விட்டம் 1 மீட்டர். நான்கு அடுக்குகளும் திட எரிபொருளால் இயங்கியவை. பின்னாளில் வந்த பி.எஸ்.எல்.வி. முதலிய பெரிய ராக்கெட்டுகளுக்கு அடியில் பெருஞ்சிறகுகள் இல்லை, எஸ்.எல்.வி.-3க்கோ அடியில் சிறகுகள் உண்டு. பறக்கும் மாதிரிக்குச் சிறகு இன்றியமையாதது.

இதனைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் உயரம் 2.2 மீட்டர், விட்டம் 10 சென்டிமீட்டர் ஆகும். இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் 1.1 மீட்டரும் 5 சென்டிமீட்டரும் ஆகும். முதன்முதலாகக் கட்டுவோர் இருபதில் ஒன்றையே தேர்ந்தெடுத்தல் நன்று. ஏனெனில், உருவம் இருமடங்கானால் உழைப்பும் இருமடங்காகும் என்று எண்ணுதல் தவறு.

ஒரு பொருளின் நீளமும் அகலமும் உயரமும் இருமடங்கானால், அதன் எடை இரண்டன்று, எட்டு மடங்காகின்றது. சிறகு உடலோடு ஒட்டும் பரப்போ நான்கு மடங்கே ஆகும். எட்டு மடங்கு எடையை நான்கு மடங்கு பசை தாங்க வேண்டியிருப்பதால், ஒவ்வோர் ஒட்டின்மேலும் விழும் பாரம் இரட்டிக்கின்றது. சிறிய ராக்கெட்டில் போதுமானதாக இருந்த பசை பெரியதில் விண்டு போவதன் காரணம் இதுவே. பெரிய ராக்கெட்டுக்கு வலிவு சேர்த்தல் வேண்டும் என்று கூறுவதும் இதனாலேயே.

ஆயினும் எல்லா இடத்திலும் கனத்தைக் கூட்டுவது வலிவாகாது. அமெரிக்க விதிகளின்படி, ஏவும்போது ராக்கெட்டின் மொத்த எடை 1500 கிராமுக்கும், மருந்து 125 கிராமுக்கும் மிகுந்தால் அது மாதிரி ராக்கெட் என்னும் வகையைக் கடந்து, சான்றிதழ் பெற்ற பெரியவர்களே ஏவத்தக்க வகையில் சேர்ந்துவிடும். பத்தில் ஒரு பங்கு எஸ்.எல்.வி.யை இவ்வெல்லைக்குள் கட்டி முடிப்பது எளிதன்று. ஒவ்வொரு கிராமையும் எண்ணியே செலவிடுதல் வேண்டும்.

கட்டும் முறை

முதலில் உடற்குழல். 2.2 மீட்டர் நீளக் குழல் ஒன்றாகக் கிடைப்பது அரிது. இரண்டு மூன்று துண்டுகளை உள்ளே செருகும் இணைப்புக் குழலால் சேர்த்தல் வேண்டும். இணைப்புக் குழல் ஒவ்வொரு பக்கமும் ராக்கெட்டின் விட்ட அளவாவது உள்ளே செல்லுதல் வேண்டும். 10 சென்டிமீட்டர் குழலுக்கு இருபுறமும் 10 சென்டிமீட்டர். இதில் சிக்கனம் செய்தால், வேகமாகச் செல்லும்போது ராக்கெட் அவ்விடத்தில் மடிந்துவிடும்.

இரண்டாவதாக மோட்டார்க் குழல். இது உடற்குழலின் நடுவே நிற்றல் வேண்டும். பிளைவுட்டில் வெட்டிய இரண்டு அல்லது மூன்று வளையங்கள் அதனைத் தாங்கும. ராக்கெட்டை உந்தும் விசை முழுவதும் இவ்வளையங்களின் வழியாகவே உடலுக்குச் செல்கின்றது. ஆகவே இங்கே சாதாரண வெள்ளைப் பசை போதாது. எபாக்சிப் பசையை விளிம்பைச் சுற்றிக் கரைபோல் இடுதல் வேண்டும். பசை இடுமுன் குழலின் வழவழப்பான மேற்பூச்சை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குதல் அவசியம். வழவழப்பின்மேல் இட்ட பசை காய்ந்தபின் தோல்போல் உரிந்துவிடும்.

மூன்றாவது சிறகுகள். சிறிய ராக்கெட்டில் இவற்றை உடலின் வெளிப்புறத்தில் ஒட்டிவிடுவர். பெரிய ராக்கெட்டிலோ, உடற்குழலில் நீண்ட பிளவு வெட்டி, சிறகின் அடிப்பகுதியை அதன் வழியே செலுத்தி, உள்ளேயிருக்கும் மோட்டார்க் குழலையே தொடும்படி ஒட்டுதல் வேண்டும். அப்போது சிறகு மூன்று இடங்களில் பற்றிக்கொள்கின்றது: மோட்டார்க் குழலில், உடற்குழலின் உட்புறத்தில், வெளிப்புறத்தில். தச்சர் கதவின் சட்டத்தைத் துளையில் கூர் செலுத்திப் பொருத்துவது போன்றதே இது. மரத்தின் ரேகை சிறகின் முன்விளிம்பை ஒட்டி ஓடுமாறு வெட்டுதலும் முக்கியம். ரேகை குறுக்கே ஓடினால் தரையில் இறங்கும் வேளையில் சிறகு பிளந்துவிடும்.

நான்காவது கண்ணாடி இழைத் துணி. எஸ்.எல்.வி.-3 இன் கீழடுக்கு எஃகினால் ஆயது. மேலடுக்குகள் இரண்டின் கூடுகளோ இழையும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யப்பட்டவை. எஃகின் பாரமின்றி அதற்கீடான வலிவைப் பெறும் வழி அது. இழைத் துணியும் எபாக்சிப் பசையும் கொண்டு அதே தத்துவத்தை நம் மாதிரியிலும் கையாளலாம். ஆனால் கணக்கு வேண்டும். பத்தில் ஒரு பங்கு மாதிரியின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 0.7 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள துணியை ஒருமுறை சுற்றினால் துணி 70 கிராம். அது உறிஞ்சும் பசை ஏறத்தாழ அவ்வளவே. ஆக ஒரு சுற்றுக்கு 140 கிராம் செலவாகின்றது; மொத்த எல்லையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகின்றது. ஆகையால் உடல் முழுவதும் பல சுற்றுச் சுற்றாமல், சிறகுகள் பொருந்தும் அடிப்பகுதிக்கும் குழல்கள் சேரும் இடங்களுக்கும் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றுதலே அறிவுடைமை. எபாக்சிப் பசையைக் கையுறை அணிந்தே கையாள வேண்டும். காய்ந்த இழையைத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்துக்கொள்ள வேண்டும். இவ்வேலையைச் சிறுவர்களிடம் விடாமல் பெரியவர்களே செய்தல் நன்று.

ஐந்தாவது பாராசூட்டின் கயிறு. ராக்கெட் உச்சியை அடைந்ததும் மோட்டாரின் சிறு மருந்து வெடித்து மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளிப்படுத்துகின்றது. அப்போது கயிறு வெடுக்கென்று இழுக்கும். கயிறு குறுகியதாயின், அது குழலின் வாயைத் துணி கிழிப்பதுபோல் நெடுக வகிர்ந்துவிடும். ஆகவே கயிறு உடலின் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருத்தல் வேண்டும். அதன் அடி முனையை மோட்டார்க் குழலின் மேல்வளையத்தில் கட்டுதல் வேண்டும். குழலின் வாய் விளிம்பில் மெல்லிய பசையை ஊறவிட்டுக் கெட்டிப்படுத்துதலும் உதவும். தீப்பிடிக்காத தாளை அல்லது துணியை இடையில் வைத்துப் பாராசூட்டைக் காத்தல் வேண்டும்.

பறக்கவிடும் முன்

அசல் எஸ்.எல்.வி.-3ஐச் சிறகுகள் மட்டும் வழிநடத்தவில்லை. அதனுள் இருந்த கருவிகள் நொடிக்கு நொடி திசையைத் திருத்தின. மாதிரியில் அக்கருவிகள் இல்லை. ஆகையால் எடையின் மையம், காற்றழுத்தத்தின் மையத்துக்கு முன்னே, குறைந்தது ராக்கெட்டின் விட்ட அளவு தூரத்தில் இருத்தல் வேண்டும். அடியில் பசையும் துணியும் அதிகமாகச் சேர்த்தவர்கள் இங்கேதான் இடர்ப்படுவர். வாலில் கூடிய கனத்தை ஈடுசெய்ய மூக்கினுள் களிமண் வைக்க நேரும். அதனால் மொத்த எடை மேலும் கூடும். வலிவு சேர்த்தல் வேறு, பாரம் சேர்த்தல் வேறு என்பது அப்போது நன்கு விளங்கும். மோட்டாரையும் செருகி, நூலில் தொங்கவிட்டு, எடை மையத்தைக் குறித்துக்கொண்டபின்னரே ஏவுதல் வேண்டும். மோட்டாரின் உந்துவிசை ராக்கெட்டின் எடையைப் போல் ஐந்து மடங்காவது இருத்தல் வேண்டும் என்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் விதி.

காற்றையும் கவனித்தல் வேண்டும். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காடங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. அங்கே 1024 ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாக வானை நோக்கி நின்று, தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தை ரேடார் மூலம் அளக்கின்றன. தரையில் காணும் காற்றும் மேலே வீசும் காற்றும் ஒன்றல்ல என்பதை அறிந்தே நாட்டின் விஞ்ஞானிகள் இத்தனை முயற்சி எடுத்துள்ளனர். நமக்கு அத்தகைய ரேடார் வேண்டுவதில்லை. காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் அன்று ஏவாமல் வீடு திரும்பும் மனவுறுதியே போதும்.

ஏவும்போது மின்சாரக் கம்பியின் மூலம் தூரத்தே நின்றே பற்றவைத்தல் வேண்டும். பெரிய மோட்டாராயின் குறைந்தது 9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பற்றவில்லையானால் இணைப்பைத் துண்டித்து, முழுதாக ஒரு நிமிஷம் கழிந்த பின்னரே அருகே செல்லுதல் வேண்டும். பொறுமையிழந்து ஓடுவதே பல விபத்துகளுக்கு வித்து.

சிறு குறையும் பெரும் பயனும்

இவ்வளவு நுணுக்கம் ஒரு விளையாட்டுப் பொருளுக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். எஸ்.எல்.வி.-3 முதன்முதலாக 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஏவப்பட்டபோது, முதல் அடுக்கு குறையின்றி எரிந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து அமிலம் கசிந்தமையால் ராக்கெட் நிலை தவறி வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டுகளின் உழைப்பை ஒரு கசிவு வீணாக்கியது. ஆயினும் குறையைக் கண்டறிந்து திருத்தியவர்கள், ஓராண்டு நிறைவதற்குள் வெற்றி கண்டனர். அட்டைக் குழலின் உள்ளே யாரும் காணாத இடத்தில் பசை சரியாகப் பிடித்திருக்கின்றதா என்று விளக்கை வைத்துப் பார்க்கும் சிறுமியும், கசிந்த குழாயைத் தேடிய அந்தப் பொறியியலாளரும் செய்யும் தொழில் ஒன்றே.

அடுத்த விடுமுறையில் சித்தூர், திருப்பதிப் பக்கம் வரும் குடும்பங்கள், சூலூர்ப்பேட்டை வழியாக ஸ்ரீஹரிகோட்டாவையும் யாத்திரையில் சேர்த்துக்கொள்ளலாம். ராக்கெட் ஏவப்படும் நாட்களில் பொதுமக்கள் காண்பதற்கென 2019 முதல் அங்கே காட்சி மாடம் ஒன்று அமைந்துள்ளது. நுழைவுக்கு முன்பதிவு வேண்டும். அதன் விதிகளைப் புறப்படுமுன் அறிந்துகொள்க. எழும்பும் ராக்கெட்டைக் கண்ணால் கண்டபின், வீட்டு மேசைமேல் நிற்கும் அட்டை எஸ்.எல்.வி.யைப் பிள்ளைகள் பார்க்கும் பார்வையே மாறிவிடும். பெற்றோர்களும் அவர்களுடன் அமர்ந்து ஒரு சிறகையேனும் தம் கையால் ஒட்டுவார்களாக. பசை காயும் நேரத்தில் தமிழில் உரையாட ஆயிரம் செய்திகள் உண்டு.